வெளிநாட்டில் ஓர் அறை, வடசென்னையில் ஒரு வீடு: இரண்டையும் காத்துக்கொள்ள முழுமையான வழிகாட்டி

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, எர்ணாவூர் பகுதிகளிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குச் செல்பவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். அதற்கு முன் பதினோரு ஆண்டுகள் நானும் வெளிநாட்டில் தொழிலாளர்கள் தங்கும் கேம்ப் அறைகளில் இருந்தவன். புதிதாகச் செல்பவர்கள் ஏறக்குறைய எல்லோருமே பெட்டி கட்டுவதில் தொடங்குகிறார்கள். அங்கேதான் முதல் பிழை நேர்கிறது. ஊறுகாயும் போர்வையும் கடைசி வாரத்தில்கூட வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஒரு கையெழுத்து, ஓர் ஓடிபி, வங்கி மேலாளர் முன் நேரில் நிற்பது ஆகியவை விமானம் ஏறிய மறுநாளே பெரும்பாடாகிவிடும். அதனால் நேரில் இருந்து செய்ய வேண்டியவற்றை முதலில் வைத்து இந்த வரிசையை அமைத்திருக்கிறேன்.

குறைந்தது நாற்பத்தைந்து நாட்கள் கையில் இருக்கட்டும். கைவசம் வேண்டியவை: கடவுச்சீட்டு, ஆதார், வங்கிப் புத்தகம், நூறு பக்க நோட்டு ஒன்று, ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைகள் மூன்று, வீட்டுப் பொறுப்பை ஏற்கக்கூடிய ஒருவர்.

1. விசா, ஒப்பந்தம், முகவர்

வேலை விசா இல்லாமல் விசிட் விசாவில் புறப்படச் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். விசிட் விசாவில் வேலை செய்பவரை அந்நாட்டுச் சட்டம் தொழிலாளராகவே ஏற்பதில்லை. சம்பளம் நின்றாலும் கை முறிந்தாலும் புகார் கொடுக்கப் போகும் இடத்திலேயே அவர் குற்றவாளியாக நிற்க நேரும். தாய்லாந்துக்கு அழைத்துச் சென்று அங்கிருந்து மியான்மர் எல்லையிலுள்ள இணைய மோசடிக் கூடங்களில் அடைத்த வேலைவாய்ப்புகளும் இந்த வழியில் வந்தவைதான்.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் கடவுச்சீட்டு பெரும்பாலும் ஈசிஆர் (குடிபெயர்வுச் சோதனை தேவைப்படும்) வகையைச் சேரும். அவர்கள் வேலைக்காகப் பதினெட்டு நாடுகளுக்குச் செல்லக் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். முகவர் பதிவு பெற்றவரா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் இணையத்தளத்தில் அவருடைய உரிம எண்ணை இட்டுப் பார்த்துக்கொள்ளலாம். பதிவு பெற்ற முகவர் சேவைக் கட்டணமாக முப்பதாயிரம் ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். வாங்கியதற்கு ரசீது தர வேண்டும். மண்ணடியில் ஒரு மாடி அறையில் ரசீதில்லாமல் ஒன்றரை லட்சம் கொடுத்துவிட்டு வருபவர்களை இப்போதும் பார்க்கிறேன். அந்தக் கடனின் பாரத்தால்தான் ஆபத்தான வேலையை விட்டு வெளியே வர அவர்களால் முடிவதில்லை. ஆகவே இது பணத்தோடு நிற்கும் விஷயம் அன்று, உயிரோடு தொடர்புடையது.

ஈசிஆர் கடவுச்சீட்டில் வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு முப்பது வயது நிறைந்திருக்க வேண்டும். அவர்களை அனுப்ப அரசு சார்ந்த நிறுவனங்களுக்கு மட்டுமே அனுமதி உண்டு. தமிழ்நாட்டில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அப்படிப்பட்ட ஒன்று.

வெளிநாடு செல்லும் தொழிலாளர்களுக்கான பிரவாசி பாரதீய பீமா காப்பீட்டில் விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் பத்து லட்சம் ரூபாய் கிடைக்கும். வாரிசு பெயரை ஆதாரில் உள்ள எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும், துக்க வீட்டிலிருந்து ஒருவர் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டியிருக்கும்.

2. மூன்று உறைகள்

கடவுச்சீட்டின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும், விசா, ஒப்பந்தம், காப்பீடு, ஆதார், திருமணச் சான்று, இரத்த வகை, வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளின் சீட்டு ஆகியவற்றை மூன்று மூன்று ஜெராக்ஸ் எடுத்து மூன்று உறைகளில் போடுங்கள். ஒன்று உங்களுடன் வரட்டும். இன்னொன்று வீட்டில் பரணில் இருக்கட்டும். மூன்றாவதை வேறு பகுதியில் வசிக்கும் உறவினரிடம் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாவது உறை எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் எண்ணெய்ப் படலத்தோடு எர்ணாவூர் வீடுகளுக்குள் புகுந்தபோது, பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த காகிதங்களை வெயிலில் உலர்த்தியும் பயன் இருக்கவில்லை. நீரில் நனைந்த தாளை ஒருவாறு மீட்டுவிடலாம். எண்ணெயில் ஊறிய தாளில் எழுத்தையே படிக்க முடியாது.

கடவுச்சீட்டின் கடைசிப் பக்கத்திலுள்ள முகவரியைப் பாருங்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் காலி செய்த வாடகை வீடே பலருடைய சீட்டில் இன்னும் இருக்கிறது. ஏதேனும் நேர்ந்தால் தூதரகம் முதலில் தேடுவது அந்த முகவரியைத்தான்.

3. தொலைபேசி எண்

வங்கி, ஆதார், கேஸ் இணைப்பு எல்லாமே ஒரே எண்ணில் கட்டப்பட்டிருக்கின்றன. அந்த சிம்மைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனால், தொண்ணூறு நாட்கள் பயன்பாடில்லாத எண்ணை நிறுவனம் முடக்கிவிடலாம். பிறகு அதே எண் வேறொருவருக்குப் போகும். உங்கள் ஓடிபியும் அவருக்கே போகும். பணம் திருடு போகும் வழிகளில் இதற்குத் திருடன் மெனக்கெடவே வேண்டியதில்லை.

புறப்படும் முன்பே சர்வதேச ரோமிங் வசதியைத் திறந்து, ஒருமுறை ஓடிபி வரவழைத்துப் பார்த்துவிட்டு, அந்த எண்ணுக்கு நீண்டகால ரீசார்ஜ் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே சென்ற பிறகு அதைக் குறுஞ்செய்திக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ரோமிங்கில் அழைப்பை எடுத்தால் கட்டணம் ஏறும். சிம்முக்குப் பின் எண் பூட்டும் போட்டுவிடுங்கள். கைபேசி தொலைந்தாலும் சிம்மை வேறு கருவியில் போட்டு ஓடிபி எடுக்க முடியாது.

4. சமையலறைச் சுவரில் ஒரு தாள்

நூறு பக்க நோட்டின் முதல் தாளைக் கிழித்துப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இந்தியாவில் அவசரத்துக்கு 112, தீயணைப்புக்கு 101, கேஸ் கசிவுக்கு 1906, இணையப் பண மோசடிக்கு 1930, பெண்கள் உதவிக்கு 181. அவற்றின் கீழே உங்கள் வெளிநாட்டு எண், அறைத் தோழர் ஒருவரின் எண், நிறுவன அலுவலக எண், அந்நாட்டு இந்தியத் தூதரக எண் ஆகியவற்றை எழுதுங்கள். அறைத் தோழரின் எண் விட்டுப்போவதுதான் வழக்கம். உங்கள் கைபேசி அணைந்திருக்கும் நேரத்தில் வீட்டாருக்கு வேறு கதவு இருக்க வேண்டும் அல்லவா?

உங்கள் கையிலும் ஒரு தாள் வேண்டும். இங்கே நான் திரும்பத் திரும்பக் காணும் பிழை ஒன்று உண்டு. வீட்டில் ஏதோ சத்தம் என்று மனைவி அழுதுகொண்டே சொன்னதும், ஷார்ஜாவில் இருப்பவர் பதறி 100 அல்லது 112 அழுத்துகிறார். குறுகிய எண்கள் அந்தந்த நாட்டுக்குள் மட்டுமே வேலை செய்பவை. அங்கிருந்து அழுத்தினால் திருவொற்றியூரில் மணி அடிக்காது. ஆகவே உங்கள் பகுதிக் காவல் நிலையத்தின் தரைவழி எண்ணை நேரில் சென்று குறித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து அழைக்கும்போது 044 என்பதிலுள்ள முதல் பூஜ்யத்தை விட்டுவிட்டு, +91 44 என்று தொடங்கி மீதி எட்டு இலக்கங்களைச் சேர்க்க வேண்டும். பூஜ்யத்தையும் சேர்த்து எழுதி வைத்த தாள்களை எத்தனையோ முறை அடித்துத் திருத்தியிருக்கிறேன்.

5. வீடு

கதவிலிருந்து தொடங்குங்கள். பழைய ஓட்டு வீடுகளிலும் வாரியக் குடியிருப்புகளிலும் பூட்டு கனமாக இருக்கும். அது தொங்கும் கொக்கியோ அரை அங்குலத் திருகாணிகளில் நிற்கும். திருடன் பூட்டை உடைப்பதில்லை, கொக்கியைப் பெயர்க்கிறான். திருகாணிகளைக் கழற்றி, கதவு நிலையின் ஆழம் வரை செல்லும் நீளமானவற்றைப் பொருத்தச் சொல்லுங்கள். தச்சருக்கு அரை மணி நேர வேலை. இரவில் உள்ளே பூட்டினால் சாவியை எல்லோருக்கும் தெரிந்த ஒரே ஆணியில் மாட்டி வையுங்கள். தீப்பிடித்த வீட்டில் சாவி தேடுவதற்கு நேரம் கிடைக்காது.

வீடு முழுவதுமாகப் பூட்டிக் கிடக்குமானால், நாட்களைக் குறிப்பிட்டுக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, ரோந்தின்போது பார்க்கக் கேட்டுக்கொள்ளுங்கள். புறப்படும் நாளன்று விமான நிலையத்திலிருந்து குடும்பத்தோடு எடுத்த படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட வேண்டாம். வீட்டில் ஆள் இல்லை என்பதை அது முந்நூறு பேருக்கு அறிவிக்கிறது.

கேஸ் ரப்பர் குழாயில் அச்சிட்டிருக்கும் ஆண்டைப் பாருங்கள். சுரக்ஷா குழாயை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால் கசிந்தால் தரையோடு படியும். வாசனை வந்ததும் ரெகுலேட்டரை மூடிக் கதவைத் திறக்க வேண்டும். மின்விசிறியைப் போடவும் கூடாது, ஓடிக்கொண்டிருப்பதை அணைக்கவும் கூடாது. பெரும்பாலானோர் நல்லது செய்வதாக எண்ணி அணைக்கத்தான் போகிறார்கள். சுவிட்சுக்குள் தெறிக்கும் பொறி போடும்போதும் உண்டு, அணைக்கும்போதும் உண்டு.

எண்ணூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டிக் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண் இரண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நைட்டியோடு வெளியேறினார். கைபேசி கட்டிலிலேயே கிடந்தது. வெளிநாட்டில் இருந்த அவருடைய கணவர் செய்தியைப் பார்த்துவிட்டு விடியும்வரை அந்தக் கைபேசிக்கே அழைத்துக்கொண்டிருந்தார். பெரம்பூரில் இருக்கும் அவருடைய அண்ணி வீட்டில்தான் மூவரும் இருந்தார்கள். அந்த வீட்டுக்கு அழைக்கக் கணவருக்குத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து எல்லாக் குடும்பத்துக்கும் இதைச் சொல்கிறேன். ஓட நேர்ந்தால் எந்த வீட்டில் போய்ச் சேர்வது என்பதை முன்பே முடிவு செய்து, அந்த வீட்டு எண்ணை வெளிநாட்டில் இருப்பவரும் வைத்திருக்க வேண்டும். அமோனியா நீரில் எளிதில் கரையும் என்பதால் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது உதவும். காற்று வீசும் திசையிலேயே ஓடக்கூடாது. வாயுவும் அந்த வழியில்தான் வரும். காற்றுக்குக் குறுக்காக விலகிச் செல்ல வேண்டும். கொடிக்கயிற்றில் உலரும் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தாலே திசை தெரிந்துவிடும். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

6. அதிகாரப் பத்திரமும் நகையும்

வீட்டு விவகாரங்களைக் கவனிக்க ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுப்பதானால், புறப்படும் முன்பே சார்பதிவாளர் அலுவலகத்தில் முடித்துவிடுங்கள். வெளிநாட்டில் எழுதினால் தூதரகச் சான்று பெற்று, பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் செய்யலாம் என்ற பொது அதிகாரம் வேண்டாம். வாடகை வாங்க, வரி கட்ட, மின் இணைப்பைக் கவனிக்க என்று வேலைகளைப் பெயர் சொல்லி எழுதுங்கள். விற்கும் உரிமையைச் சொந்தத் தம்பிக்கே ஆனாலும் கொடுக்காதீர்கள். இது உறவை நம்பாததாகாது. உறவு கெடாமல் பார்த்துக்கொள்வதே ஆகும்.

நகை வங்கி லாக்கரில் இருக்கட்டும். லாக்கர் இருவர் பெயரில் இருக்க வேண்டும்.

7. பெட்டியில் போகக் கூடாதவை

அம்மா கட்டிக் கொடுத்த மசாலாப் பொட்டலத்தில் கசகசா இருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள். ஐக்கிய அரபு அமீரகம், சவூதி, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் கசகசா போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. நம் வீட்டுக் குருமாவில் அரைக்கும் பொருளுக்கு அங்கே சிறை உண்டு என்பதைப் புறப்படும் நாள்வரை நம்பாதவர்கள் பலர். மெல்லும் புகையிலைப் பாக்கெட்டுக்கும் சிங்கப்பூரில் தடை உண்டு.

டிராமடால், கோடீன் கலந்த வலி, இருமல் மருந்துகளும் இதே ஆபத்தைக் கொண்டவை. மருத்துவர் சீட்டு மட்டும் போதும் என்று எண்ண வேண்டாம். சில மருந்துகளுக்கு முன் அனுமதியே வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் தன் மகனுக்குக் கொடுத்தனுப்பும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

8. போய்ச் சேர்ந்த முதல் இரண்டு நாட்கள்

அறையின் சரியான முகவரியை, கட்டட எண், தெரு, பகுதி என்று எழுதி வீட்டுக்கு அனுப்புங்கள். தளமும் அறை எண்ணும் சேரட்டும். கட்டட வாசலில் நின்று இருப்பிடக் குறியையும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். "கம்பெனி கேம்ப்" என்று மட்டும் தெரிந்த மனைவியால் தூதரகத்துக்கு எதையும் சொல்ல முடியாது.

இந்தியக் கடவுச்சீட்டு இந்திய அரசின் சொத்து. முதலாளி பிடித்து வைக்கக் கூடாது என்றே வளைகுடாவின் பல நாடுகளில் சட்டமும் சொல்கிறது. இருந்தும் விசா அடிப்பதற்கென்று வாங்குவார்கள். கொடுக்கும் நாளையும் வாங்குபவர் பெயரையும் குறித்துக்கொண்டு, வேலை முடிந்ததும் திரும்பக் கேளுங்கள். இகாமாவோ பத்தாக்காவோ (அந்நாட்டில் வசிப்பதற்கான அடையாள அட்டை) கைக்கு வந்ததும் இரு பக்கமும் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

9. அறை

2024 ஜூன் 12 அதிகாலையில் குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் தங்கிய கட்டடம் தீப்பிடித்ததில் குறைந்தது 45 இந்தியர்கள் இறந்தார்கள். அவர்களில் ஏழு பேர் தமிழ்நாட்டவர். தீ கீழ்த்தளத்தில் பற்றியது. மேல்தளங்களில் தூங்கிக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பு அன்று, படிக்கட்டு வழியே ஏறிய புகை.

ஆகவே முதல் இரவே, படுப்பதற்கு முன், உங்கள் கட்டிலிலிருந்து படிக்கட்டு வரை நடந்து, இடையில் எத்தனை கதவுகள் என்று எண்ணுங்கள். புகையில் கண் தெரியாது; கை சுவரைத் தடவிச் செல்லும்போது "மூன்றாவது கதவுக்கு அடுத்தது படி" என்ற எண்ணிக்கைதான் வழிகாட்டும். இரண்டாவது வழியையும் தேடுங்கள். மொட்டைமாடிக் கதவு பூட்டியிருக்கிறதா, படிக்கட்டில் பழைய மெத்தைகள் அடுக்கியிருக்கின்றனவா என்று பார்த்து, இருந்தால் படம் எடுத்துப் பொறுப்பாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்னதற்குச் சாட்சி இருக்காது.

தீ என்று தெரிந்தால் கதவைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். குளிர்ச்சியாக இருந்து படிக்கட்டும் தெளிவாக இருந்தால் குனிந்தபடி இறங்குங்கள், லிஃப்ட் வேண்டாம். கதவு சுட்டாலோ படிக்கட்டில் புகை நிறைந்திருந்தாலோ வெளியே போகாதீர்கள். கதவை மூடி, அடியிலுள்ள இடைவெளியில் நனைத்த லுங்கியையோ துண்டையோ திணித்துவிட்டு, ஜன்னலருகே நின்று அவசர எண்ணை அழைத்துத் தளத்தையும் அறையையும் சொல்லுங்கள். புகைக்குள் இறங்க முயல்வதே உயிரைப் பறிக்கிறது.

எண்களை நாட்டுக்கு நாடு மாற்றிப் படித்துக்கொள்ள வேண்டும். அமீரகத்தில் காவல் 999, ஆம்புலன்ஸ் 998, தீயணைப்பு 997. சவூதியில் ஆம்புலன்ஸ் 997, தீயணைப்பு 998. ரியாத், மக்கா, மதீனா, கிழக்கு மாகாணங்களில் எல்லாவற்றுக்கும் 911. துபாயிலிருந்து சவூதிக்கு மாறுபவர்கள் 997, 998 இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். குவைத்தில் 112, கத்தாரிலும் பஹ்ரைனிலும் 999, ஓமானில் 9999, மலேசியாவில் 999. சிங்கப்பூரில் காவலுக்கு 999. தீக்கும் ஆம்புலன்ஸுக்கும் 995.

மின்சாரத்தில் கவனிக்க வேண்டியது பிளக். அமீரகம், குவைத், சிங்கப்பூர் முதலிய இடங்களில் சதுரக் கால்கள் மூன்று கொண்ட, உள்ளே ஃபியூஸ் வைத்த பிளக்கே வழக்கம். நம் ஊர் வட்டக் கால் பிளக்கை அதில் பேனா முனையால் நெம்பிச் சொருகினால் பிடிப்பு தளர்ந்து, சொருகிய இடம் சூடேறும். ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சோறு வடிக்கும் குக்கரும் ஆறு கைபேசிகளும் மாட்டியிருக்கும் அறைகளை நான் அறிவேன். குக்கருக்குச் சுவர்ப் பிளக்கைத் தனியாக ஒதுக்குங்கள். பவர் பேங்கைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்காதீர்கள்.

குளிர்காலத்தில் குவைத்திலும் சவூதியிலும் அறைக்குள் கரி மூட்டிக் குளிர் காய்கிறார்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியோடு தூங்கப் போனவர் எழுந்திருக்கமாட்டார். ஜன்னலைச் சற்றே திறந்து வைத்தால் போதும் என்று அறைத் தோழர்கள் சமாதானம் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாமல், கரிச்சட்டியை வெளியே வைக்கச் சொல்லுங்கள்.

10. வெயில்

கோடையில் திறந்த வெளி வேலைக்குக் கட்டாய இடைவேளை உண்டு. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை. சவூதியில் அதே நாட்களில் 12 முதல் 3 வரை. மேஸ்திரி வேலை வாங்கினால் நேரம் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். வியர்வை நின்று பேச்சுக் குழறுபவருக்குத் தண்ணீர் புகட்டாதீர்கள், புரையேறும். நிழலில் கிடத்தி, உடல் முழுதும் நனைத்து விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸை அழையுங்கள்.

11. வாராந்திர அழைப்பும் வீட்டுச் சொல்லும்

வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம் என்று முடிவு செய்யுங்கள். வெள்ளியோ ஞாயிறோ, அந்த நேரம் தவறிப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் தகவலும் வராவிட்டால் வீட்டார் அறைத் தோழரை அழைக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. தினமும் பேசுகிறோமே என்பவர்களுக்கும் இது தேவை. தினப் பேச்சில் ஒரு நாள் விட்டுப்போனால் யாரும் கவலைப்படுவதில்லை.

"உங்கள் கணவர் விபத்து வழக்கில் பிடிபட்டிருக்கிறார், உடனே பணம் அனுப்புங்கள்" என்று சீருடை அணிந்தவர் வீடியோவில் தோன்றி மிரட்டும் மோசடி இப்போது பெருகியிருக்கிறது. குரலையும் போலியாகச் செய்துவிடுகிறார்கள். இதற்குக் குடும்பத்துக்குள் ஒரு சொல்லை வைத்துக்கொள்ளுங்கள்: பழைய தெருவில் அடிபம்பு யார் வீட்டு வாசலில் இருந்தது என்பதைப் போல, எங்கும் எழுதப்படாத ஒன்று. அந்தக் கேள்விக்குப் பதில் வராமல் ஒரு ரூபாயும் போகக் கூடாது. பணம் போய்விட்டால் வீட்டிலிருந்து உடனே 1930-ஐ அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறார்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

12. நேர்ந்துவிட்டால் யாரை, எந்த வரிசையில்

வெளிநாட்டில் இருப்பவருக்கு ஆபத்து என்றால் வீட்டார் முதலில் அறைத் தோழரையும், அடுத்து நிறுவனத்தையும், பிறகு இந்தியத் தூதரகத்தையும் அழைக்க வேண்டும். நிறுவனமே பிரச்சினை என்றால் அதை விட்டு நேரே தூதரகத்துக்குப் போங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற குறைதீர்ப்பு இணையத்தளத்தில் புகார் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணோடு தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறைக்கும் எழுதுங்கள். இரண்டு இடத்திலும் முதலில் கேட்பது கடவுச்சீட்டு எண்ணும் அங்குள்ள முகவரியும்தான். அவை பரணில் உள்ள உறையிலும் எட்டாவது படியில் அனுப்பிய செய்தியிலும் இருக்கும்.

கடைசியாக ஒரு வேலை. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, வீட்டாரிடம் எதுவும் சொல்லாமல் பெரம்பூரிலோ வியாசர்பாடியிலோ நின்றுகொண்டு அழைத்து, "என் கடவுச்சீட்டு எண்ணைப் படி" என்று கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் படித்துவிட்டால் பெட்டியைக் கட்டலாம். இல்லையென்றால் உறை எங்கே சிக்கியது என்று திரும்பிப் போய்ப் பாருங்கள்.